பழைய பிக்கப் வண்டியும் பள்ளிக்கூடத்துக் காந்தமும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது, பத்து காவான் சாலையோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில், பழைய பிக்கப் வண்டியொன்று விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்தது. வெளிர்பச்சை வண்ணம், உருண்டை விளக்குகள், பின்புறம் சுமையேற்றும் சிறு தொட்டி. ‘நன்கு பாதுகாக்கப்பட்ட 1954ஆம் ஆண்டு மோரிஸ் மைனர்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நம் மாணவன் ஒருவனின் தாத்தா அவ்வண்டியின்மீது ஆசை கொண்டார். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஊழியர் சேமநிதிப் பணத்தில் எஞ்சியிருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, இளநீரும் காய்கறியும் ஏற்றி விற்றுப் பிழைக்கலாம் என்று எண்ணியிருந்தார். “வாத்தியாரையா, ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க” என்றார். நாம் வண்டி வல்லுநர் அல்லோம். ஆகவே டிராக்டர்களைப் பழுதுபார்த்துப் பழகிய போர்மன் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டோம். அறிவியல் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தையும் எடுத்துச் சென்றோம். அது எதற்கு என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வோம். தொடக்கக் காலத்தில் உழவர்கள் காரின் பின்பகுதியை வெட்டி நீக்கி, மரப்பெட்டி பொருத்திச் சுமையேற்றினார்கள். அதனைக் கண்ட அமெரிக்காவின் போர்டு நிறுவனம், 1925ஆம் ஆண்டில் தன் ‘மாடல் டி’ காரைத் தொழிற்சாலையிலேயே பின்தொட்டியுடன் செய்து 281 டாலருக்கு விற்றது. பிக்கப் எனும் பெயர் பரவ அதுவும் ஒரு காரணம்.

மோரிஸ் மைனர் இங்கிலாந்து நாட்டு வண்டி. 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இன்று துருக்கியில் உள்ள இஸ்மீர் நகரில் பிறந்தவர். மாதிரி வண்டி மிகவும் ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் இடைவெளி விட்டு மீண்டும் இணைக்கச் செய்தாராம். அந்தக் கூடுதல் அகலத்தின் அடையாளத்தை முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான மேட்டில் இன்றும் காணலாம். 1960 இறுதியில் பத்து இலட்சம் வண்டிகள் எனும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. 1953இல் வந்த பிக்கப் வகை, கால் டன் சுமை தாங்குமாறு தனி அடிச்சட்டத்தின்மீது அமைக்கப்பட்டது. அந்த அடிச்சட்டத்தையே சேசிஸ் என்கிறோம்.

இந்த வரலாறு நமக்கு உடனே பயன்பட்டது. 1956ஆம் ஆண்டு வரை வந்த மைனர் வண்டிகளுக்கு முன்கண்ணாடி இரு துண்டுகளாக இருந்தது. திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவருகிலிருந்து ஒரு சிறு கை நீண்டு எழும். 1961ஆம் ஆண்டளவில் அக்கைக்குப் பதில் மின்னும் விளக்குகள் வந்தன. மரத்தடி வண்டியிலோ கண்ணாடி ஒரே துண்டு, விளக்குகளும் மின்னின. உரிமைப் பத்திரத்தை, அதாவது நாம் ‘கிராண்டு’ என்பதை, வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்த ஆண்டு 1966. அட்டையை எழுதியவர் பன்னிரண்டு ஆண்டு மூப்பை வண்டிக்கு இலவசமாக வழங்கியிருந்தார்!

அடுத்து, துரு. மாணவர்களே, இரும்பு நீருடனும் உயிர்வளியுடனும் சேரும்போது துருப்பிடிக்கிறது. உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அவ்வினை விரைகின்றது. நம் பத்து காவான், ஆறுகளும் கடலும் சூழ்ந்த தீவாக இருந்த ஊர். கரும்பும் இரப்பரும் செம்பனையும் விளைந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலமும் இங்கு வந்து இறங்கியது. ஆயினும் உப்புக்காற்று மாறவில்லை.

தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு. இரப்பர்ப் பால் வழியில் உறைந்துவிடாதிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். ஆலைக்கு வந்தபின் உறையச் செய்யப் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். எறும்பின் கடியில் எரிச்சல் தருவதும் இவ்வமிலமே. அமில வாளி ஏற்றிய தொட்டியின் மூலைகளில் ஒரு துளி தங்கினாலும் தகடு அரிக்கப்படும். துரு தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால், வண்ணத்தைத் தள்ளிக் கொப்புளமாக எழும். அக்கொப்புளத்தைச் சுரண்டிப் பசை பூசி, மேலே புது வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காந்தத்திற்குத் தெரியும். இரும்பில் ஒட்டும், பசையில் ஒட்டாது.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பெரியவரின் பேரனிடம் கொடுத்தோம். முன்மூடியில் ஒட்டிற்று. கதவில் ஒட்டிற்று. கதவின் கீழ்விளிம்பிலும் தொட்டியின் ஒரு பக்கத்திலும் வழுக்கிக் கீழே விழுந்தது. விற்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுகூடப் பெரிதன்று, தகடு மாற்றத்தக்கது. இவ்வண்டிகள் மிகுதியாக ஓடிய இலங்கையிலேயே 1990களில் இதற்கான தகடுகள் செய்யப்பட்டன. எந்திரமும் கவலை தரவில்லை. அதன் இனத்தைச் சேர்ந்த எந்திரங்கள் ‘மினி’ காரில் 2000ஆம் ஆண்டு வரை வந்தமையால் உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

போர்மன் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. இவ்வண்டியின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் மரையிட்ட ஒரு மூட்டில் நிற்கின்றது. தவறாமல் கிரீஸ் செலுத்தாவிடின் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்றுகொள்ள, சக்கரம் உள்நோக்கி மடிந்து, வண்டியின் முன்பக்கம் சாலையில் விழும். மைனர் வண்டிகளுக்கு உலகெங்கும் அறியப்பட்ட குறை இது. பிரேக்கும் ஒரே குழாய்த்தொடர். ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் நில்லா.

போர்மன் சாக்கை விரித்து அடியில் படுத்தார். சற்று நேரத்தில் நம்மையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கிரீஸ் செலுத்தும் சிறு முனைகள் இரண்டின்மீதும் அதே வெளிர்பச்சை வண்ணம் தடித்து மூடியிருந்தது. வண்ணம் அடித்த நாள்முதல் அங்கே கிரீஸ் நுழையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. “வெளிய பளபளன்னு இருக்கே ஐயா” என்றார் இறுதியாக. அவர் கை தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. தம் இளமையில் இதுபோன்றதொரு வண்டியில் பால்வாளிகளுக்கு நடுவே அமர்ந்து சென்றவராம். அந்த நினைவுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. முன்பணம் மட்டும் இன்று கொடுக்கவேண்டா என்று வற்புறுத்தினோம். பெயர் மாற்றத்திற்கு முன் வண்டிச் சோதனையில் எந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டுடன் ஒத்திருக்கவேண்டும் என்பதையும் எடுத்துரைத்தோம்.

மூட்டுகளை மாற்றி, வண்டியைத் தூக்கிக் காட்டினால் மீண்டும் பேசலாம் என்று பெரியவர் விற்பவரிடம் கூறினார். விற்பவர் சிறிது முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். இதனை எழுதும் வரை வண்டி மரத்தடியில்தான் நிற்கின்றது. அட்டையில் 1954 அடிக்கப்பட்டு, 1966 என்று எழுதப்பட்டிருக்கின்றது.