கார் வாங்கும் காலம் – 9: முக்கால் யூனிட் பேட்டரி

கோயம்புத்தூரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் போக அவிநாசி சாலையில் இப்போது இரண்டு வழிகள். மேலே, 2025 அக்டோபர் 9 அன்று திறந்த 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். கீழே, லட்சுமி மில், நவ இந்தியா, ஹோப் காலேஜ் என்று நின்று நின்று நகரும் பழைய சாலை. சாதாரண பெட்ரோல் காரைக் கீழே விட்டால் மைலேஜ் சரிந்துவிடும். ஹைபிரிட் காருக்கு அந்த நெரிசல்தான் சம்பாத்தியம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், ஷோரூமில் கையில் திணிக்கும் வழவழப்பான புத்தகத்தில் பாதியைப் படிக்கவே வேண்டாம்.

சென்ற வாரம் டீசலைப் பார்த்தோம். பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு ஹைபிரிட் எடுக்கலாமா என்பதுதான் காந்திபுரத்தில் இப்போது அதிகம் கேட்கும் பேச்சு. அதற்குப் பதில் சொல்லுமுன், அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மோட்டாரைப் பற்றிக் கோவைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்தே மோட்டாருக்கு இழுவை உண்டு. பெட்ரோல் எஞ்சின் அப்படியில்லை. குறைந்த வேகத்தில் திணறும். சும்மா நிற்கும்போதும் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஹைபிரிட்டில் வண்டி நின்றால் எஞ்சின் அணைந்துவிடும், கிளம்பும்போது மோட்டார் இழுக்கும், வேகம் பிடித்ததும் எஞ்சின் கை கொடுக்கும். பிரேக்கை மிதித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சூடாக வீணாகப் போயிருக்கும் சக்தியைப் பேட்டரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த வகை வண்டிக்கு வெளியிலிருந்து சார்ஜ் போட வழி கிடையாது. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு பெட்ரோல் பங்கில்தான். பாதி கரன்ட் வண்டி என்று நம்பி முன்பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கையில் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. இது பெட்ரோல் வண்டிதான். பெட்ரோலை வீணடிக்காத வண்டி.

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் இருக்கும், மோட்டாரே தனியாக வண்டியை இழுக்கக்கூடிய 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' வகையின் பேட்டரி கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி. நம் வீட்டு மீட்டர் கணக்கில் முக்கால் யூனிட். முழு மின்சாரக் கார் ஒன்றில் நாற்பது யூனிட் இருக்கும். இந்த முக்கால் யூனிட்டை வைத்துக்கொண்டு மோட்டார் மட்டும் இழுத்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகலாம், அவ்வளவுதான். தீபாவளி நெரிசலில் கிராஸ்கட் ரோட்டில் ஊர்ந்து பாருங்கள். ஏ.சி. ஓடும், எஞ்சின் சத்தமே இருக்காது, மீட்டரில் பச்சை எழுத்தில் ஈ.வி. என்று எரியும். பேட்டரி இறங்கியதும், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சின் தானாக உறுமும். புதிதாக வாங்கியவர் பதறிப்போய் போன் போடுவார்: "ஏனுங்ணா, நிக்கறப்பவே தானா ஸ்டார்ட் ஆகுதுங்க, ஏதாச்சும் கோளாறுங்களா?" கோளாறில்லை. பேட்டரிக்கு அது சோறு போடுகிற நேரம்.

ஷோரூமில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்ற பெயரில் விற்பதெல்லாம் மேலே சொன்ன ஸ்ட்ராங் வகையில்லை. அவற்றில் பெல்ட்டோடு ஒட்டிய ஒரு சின்ன மோட்டார் எஞ்சினுக்கு லேசாக உதவும். தனியாக வண்டியை நகர்த்தாது. விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எஞ்சின் அணைஞ்சிருக்கறப்ப வண்டி நகருங்களா?" நகராது என்றால் அதற்கு ஹைபிரிட் விலை கொடுக்காதீர்கள்.

இனி காசுக் கணக்கு. ஒரே வண்டியில் சாதாரண மாடலைவிட ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு இரண்டரை லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் சாதாரண வண்டி லிட்டருக்கு 14, ஹைபிரிட் 22, பெட்ரோல் நூறு ரூபாய். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 857 லிட்டர் ஆக வேண்டிய இடத்தில் 545 லிட்டர் ஆகும். மிச்சம் சுமார் 31,000 ரூபாய். கூடுதலாகக் கொடுத்ததை எடுக்க எட்டு ஆண்டு பிடிக்கும். 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஐந்து ஆண்டுக்குள் எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மருதமலை, மாசத்துக்கு ஒரு பழனி என்று ஆண்டுக்கு 6,000 ஓட்டுகிற வீட்டுக்குப் பதினாறு ஆண்டு ஆகும். அவர்கள் அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வைக்கலாம். கம்பெனி சொல்லும் 27.97 என்ற மைலேஜ் சோதனைக்கூடத்துக் கணக்கு. சேலம் ரோட்டில் நூறில் விரட்டினால் பிரேக்குக்கு வேலை இருக்காது, பேட்டரிக்கு வரவும் இருக்காது, எஞ்சின்தான் முழுக்க உழைக்கும். அங்கே ஹைபிரிட்டின் சாமர்த்தியம் மங்கிவிடும். பெருந்துறைக்கு அன்றாடம் பைபாஸில் போய் வருகிறவரும், பீளமேட்டிலிருந்து காந்திபுரம் வழியாக சாயிபாபா காலனிக்கு அன்றாடம் போய் வருகிறவரும் ஒரே வண்டியை வாங்கினாலும் ஒரே கணக்கு வராது. கார் ஓடப் போவது எந்தச் சாலையில் என்று எழுதி வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.

இன்னொன்று: காலையில் எடுத்தவுடன் எஞ்சின் சூடேறும் வரை ஓடித்தான் தீரும். பக்கத்துத் தெருவில் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுத் திரும்புவது மட்டும்தான் ஓட்டம் என்றால், மிச்சம் பெரிதாகத் தெரியாது.

கோயம்புத்தூரில் கார் வைத்திருப்பவர் ஊட்டிக்குப் போகாமல் இருக்க மாட்டார். அந்த மலைச் சாலையில்தான் இந்த முக்கால் யூனிட்டின் அளவு கண்ணுக்கு நேராகத் தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறக்கம். ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,600 கிலோ உள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஆறு யூனிட்டுக்கும் மேல். காற்றும் டயரும் தின்றது போக மிஞ்சுவதை வாங்கி வைக்கக்கூட இந்தப் பேட்டரியில் இடமில்லை. சில கொண்டை ஊசி வளைவுகளுக்குள்ளேயே மீட்டரில் பேட்டரி நிரம்பிவிடும். அதன்பிறகு மோட்டார் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் கியர் லீவரை 'B'க்குத் தள்ள வேண்டும் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல). தள்ளியதும் ஆக்சிலேட்டரில் கால் இல்லாமலே எஞ்சின் சத்தம் போட்டுச் சுழலும். அது வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும் சத்தம். இதைத் தெரியாமல், "கரன்ட் வண்டி, தானா புடிச்சுக்கும்" என்று கால் பிரேக்கையே மிதித்து இறங்குவது ஆபத்து. வண்டியைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தர வேண்டும். பல இடங்களில் பாட்டு கேட்பதையும் மேற்கூரை திறப்பதையும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

பராமரிப்பில் பயப்படும்படி அதிகமில்லை. டொயோட்டா வகை ஹைபிரிட்டில் செல்ஃப் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை. பிரேக் பேட் நீண்ட நாள் வரும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழாது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயரில் பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது. ஆனால் நம் ஊரில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. பல மாடல்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் சீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு சல்லடை வழியாகத்தான் உள்ளே போகிறது. பனியன் பண்டலையும் துணிப் பையையும் பின் சீட்டில் அடுக்கி அந்த வாயை மூடிவிடுகிறோம். ஒர்க்ஷாப்பில் ஒரு வண்டியின் சல்லடையைக் கழற்றியபோது பார்த்தேன்: நூல் துகள், தலைமுடி, புழுதி மூன்றும் சேர்ந்து கம்பளித் துண்டு போலத் திரண்டிருந்தது. மெக்கானிக் அதை விரலால் உரித்து எடுத்தார். அந்த அடைப்பில் பேட்டரி வெந்துகொண்டிருக்கும். திருப்பூர், ஈரோடு, பல்லடம் பக்கம் பஞ்சுக்குள்ளேயே வண்டி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் மறக்காமல் இதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வரி பற்றி மனக்குறை உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஹைபிரிட் காருக்கு 28 சதவீத வரி, அதன் மேல் 15 சதவீத செஸ். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், நான்கு மீட்டரைத் தாண்டிய ஹைபிரிட்டுக்கு 40 சதவீதம். மின்சாரக் காருக்கு ஐந்து. எண்ணெயைச் சேமிக்காத பெரிய பெட்ரோல் காருக்கும் அதே நாற்பது. 2023 நவம்பரில் உயர்ந்த தமிழ்நாட்டு வாழ்நாள் சாலை வரி, 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஹைபிரிட்டுக்குச் சேரும் அந்த இரண்டரை லட்சமே பல வண்டிகளை அடுத்த படிக்குத் தள்ளிவிடுகிறது. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியையே நீக்கியது. அபார்ட்மென்டில் சார்ஜ் போட இடமில்லாமல் தவிக்கும் குடும்பத்துக்கு எண்ணெய் மிச்சம் பிடிக்க இருக்கிற நல்ல வழி ஹைபிரிட். முழு விலக்கு வேண்டாம், தமிழ்நாடும் வரியைக் கொஞ்சமாவது குறைக்கலாம்.

"பேட்டரி போனா என்னங்க பண்றது?" என்ற பயத்துக்கு இலங்கையைப் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வந்த பிரியஸ், அக்வா, வெசல் வண்டிகள் அங்கே யாழ்ப்பாணம் வரை சாதாரணமாக ஓடுகின்றன. 2020இல் கார் இறக்குமதி நின்று, 2025 பிப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து ஆண்டும் இருந்த வண்டியையே பழுது பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. பழைய பிரியஸின் நிக்கல் பேட்டரிக்குள் 28 கட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வோல்ட்டையும் அளந்து, சோர்ந்ததை மட்டும் எடுத்து வேறு போடுவது அங்கே தனித் தொழில். ஒன்றை மாற்றினால் அதே வயதுள்ள மற்றவையும் பின்னாலேயே வரும் என்பது உண்மைதான். ஆனாலும் முழுப் பேட்டரியையும் தூக்கிப் போட வேண்டியதில்லை என்று அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு வாரண்டி எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 2022 கடைசியில் சாலைக்கு வந்த ஹைரைடர்களுக்கு 2030இல் அது முடியும். அதிகம் ஓடிய வாடகை வண்டிகளுக்கு அதற்கு முன்பே முடிந்துவிடும். பம்ப்செட்டும் மோட்டாரும் செய்து பிழைத்த ஊரில், அந்த வண்டிகள் வெளி ஒர்க்ஷாப் வாசலுக்கு வரும்போது பேட்டரியைப் பிரித்து அளக்கத் தெரிந்த கைகள் தயாராக இருக்க வேண்டும். கோவை ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பையும் பேட்டரிச் சோதனையையும் இந்தக் கல்வி ஆண்டிலேயே செய்முறைப் பாடமாக வைத்தால்தான் அதற்கு நேரம் சரியாக இருக்கும்.

(தொடரும்)