உயிரின் இழைகள் – 9: சோதனைக்குழாயில் திரளும் வெண்ணிழை

பழத்தை நசுக்கி, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த நீரில் கரைத்து, வடிகட்டிய சாற்றின் மேல் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் சில நிமிடங்களில் வெண்ணிறத் திரள் ஒன்று மேலெழும் என்பதும், அதுவே அப்பழத்தின் டி.என்.ஏ. என்பதும் இன்று பல நாடுகளின் பள்ளி ஆய்வகங்களில் கற்பிக்கப்படும் பாடமாகும். இவற்றுள் முன்னது முழு உண்மை. பின்னது பாதி உண்மை. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி மரபுப் பொருளை மாணவர் கண்முன் நிறுத்தும் அரிய சோதனை இது. ஆயினும் அந்தப் பாதி உண்மையை விளக்காமல் விட்டால், சோதனை வெறும் வேடிக்கையாகச் சுருங்கிவிடும்.

செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வேதியியல் காரணம் உண்டு. தாவரச் செல்லைச் சூழ்ந்திருக்கும் செல்லுலோசுச் சுவர் நசுக்கும்போது உடைகிறது. அதற்கு உள்ளே இருக்கும் செல் சவ்வும், டி.என்.ஏ.வைப் பொதிந்து வைத்திருக்கும் உட்கருவின் சவ்வும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கை நீரில் கரையச் செய்யும் அதே இயல்பினால், பாத்திரம் கழுவும் திரவம் இச்சவ்வுகளையும் சிதைக்கிறது. சுமார் 100 மில்லிலிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டித் திரவமும் ஒரு தேக்கரண்டி உப்பும் போதும்.

உப்பின் பணி இன்னும் நுட்பமானது. டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பாக நீளும் பாஸ்பேட் தொகுதிகள், அதாவது பாஸ்பரசும் ஆக்சிஜனும் சேர்ந்த அமைப்புகள், எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பிலிருந்து பிரியும் சோடிய அயனிகள் அம்மின்னூட்டத்தைச் சமன்செய்து இழைகள் நெருங்குவதற்கு வழிசெய்கின்றன. நீரில் எளிதில் கரையும் டி.என்.ஏ. ஆல்கஹாலில் கரையாது, ஆகவே குழாயின் சுவரையொட்டி ஆல்கஹாலை மெல்ல ஊற்றும்போது, சாறும் ஆல்கஹாலும் சந்திக்கும் எல்லையில் அது திரள்கிறது. ஆல்கஹால் குளிர்ந்திருந்தால் திரள்வது மிகும், டி.என்.ஏ.வைத் துண்டாக்கும் நொதிகளின் வேகமும் குறையும். சாற்றை வேகமாகக் கலக்கினால் நீண்ட இழைகள் அறுந்துபோகும் என்பதால் நிதானம் கட்டாயம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் நெருப்பு இருக்கவே கூடாது.

இச்சோதனைக்கு ஸ்ட்ராபெர்ரியைப் பரிந்துரைப்போர், அதன் செல்லில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதிகளாக, மொத்தம் 56 உள்ளன என்பதையே காரணமாகக் காட்டுவது வழக்கம். எண்ணிக்கை சரியானதே; ஆனால் அந்தக் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. எட்டுத் தொகுதிகளையும் சேர்த்தாலும் ஒரு செல்லில் டி.என்.ஏ.வின் அளவைக் குறிக்கும் கார இணைகள் ஏறத்தாழ 160 கோடியே தேறும். இரண்டே தொகுதிகளாக 16 குரோமோசோம்கள் மட்டும் கொண்ட வெங்காயத்தின் செல்லில் அதைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு டி.என்.ஏ. இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி எளிதில் பலன் தருவதில் அதன் மென்மைக்கும், பழுக்கும்போது செல் சுவரைத் தளர்த்தும் நொதிகளுக்கும் பெரும்பங்கு உண்டு. அது கிடைக்காத ஊர்களில் நன்கு பழுத்த வாழைப்பழமே போதும். 

இனி, குழாயில் மிதக்கும் திரள் எது என்ற வினாவுக்கு வரலாம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் இரண்டு நானோமீட்டர் அகலமே உடையது. ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு அது. தனி இழையை வெறுங்கண்ணால் காண இயலாது; காணப்படுவது கோடிக்கணக்கான இழைகளின் பின்னல். அதனுடன் ஆர்.என்.ஏ.வும் புரதங்களும், பழத்தின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் கார்போஹைட்ரேட் இனப் பொருளும் கலந்திருக்கின்றன. பெக்டினும் ஆல்கஹாலில் திரளும் இயல்புடையது. ஜாம் செய்வோர் பழச்சாற்றில் போதிய பெக்டின் உள்ளதா என்று அறிய ஆல்கஹாலைக் கலந்து பார்ப்பது இதனால்தான். எனவே வெண்மையாகத் திரண்டது என்பது மட்டுமே சான்றாகிவிடாது.

இந்த ஐயம் டி.என்.ஏ. ஆய்வுத் துறை பிறந்தபோதே உடன் பிறந்தது. 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரக் கோட்டையில், முன்பு சமையலறையாக இருந்த ஆய்வகத்தில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் மீஷர் அறுவைச் சிகிச்சைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து வெள்ளணுக்களைத் திரட்டி, அவற்றின் உட்கருவிலிருந்து புதியதொரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது புரதமாக இருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்க, பன்றியின் இரைப்பையிலிருந்து பெற்ற பெப்சின் என்னும் புரதச் செரிமான நொதியைக் கையாண்டார். அப்பொருள் அதற்குக் கரையவில்லை. பாஸ்பரசும் அதில் மிகுந்திருந்தது. ‘நியூக்ளின்’ என்று அவர் பெயரிட்ட, இன்று டி.என்.ஏ. எனப்படும் அப்பொருளை அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலர் உடனே ஏற்கவில்லை; சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்த பின்னரே, 1871-இல் தம் இதழில் கட்டுரையை வெளியிட்டார். மாணவரின் முடிவு சரியா என்று அறிய ஆசிரியரே பொறுத்திருந்தது அறிவியல் வரலாற்றில் போற்றத்தக்க செயல்.

கல்லூரி ஆய்வகங்களில் டைஃபினைலமின் என்னும் வினைபொருளைச் சேர்த்துச் சூடாக்கி, டி.என்.ஏ.வில் உள்ள சர்க்கரை நீல நிறம் தருவதைக் கொண்டு, திரண்டது டி.என்.ஏ.தான் என்று உறுதிசெய்கின்றனர். அதில் கடும் அமிலம் பயன்படுவதால் பள்ளிக்கு அது ஏற்றதன்று. ஆனால் இரண்டு துணைக்குழாய்களை வைப்பதற்கு எந்தப் பள்ளிக்கும் தடையில்லை: ஒன்றில் பழம் சேர்க்காத உப்பும் சோப்பும் கலந்த நீர், மற்றொன்றில் ஜாமுக்காகக் கடையில் விற்கும் பெக்டின் தூளைக் கரைத்த நீர். மூன்றிலும் ஒரே அளவு குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி, எதில் என்ன திரள்கிறது என்பதை மாணவர்களே பார்த்து எழுதட்டும். அடுத்த முறை இச்சோதனையை நடத்தவிருக்கும் ஆசிரியர்கள் அவ்விரு குழாய்களையும் மறவாமல் வைக்க வேண்டும்.