செல்ஃப் முனகுதா? பேட்டரிக்குப் பணத்தை எண்ணாதீங்க!

சென்னை,
சாவியைத் திருப்பினால் எஞ்சின் "ர்ர்... ர்ர்..." என்று இழுக்கிறது. ஸ்டார்ட் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க!"

அவசரப்படாதீர்கள்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்று போனது. கடைசியாக வந்த வண்டிக்கே வயசு பத்தைத் தாண்டிவிட்டது. இந்த வயசில் பேட்டரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

ஒளிந்திருக்கும் ஆசாமி!

இன்னொரு ஆசாமி இருக்கிறான். அவன் பெயர் எர்த் பட்டை.

எஞ்சின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் ஓடாது. அதற்காக எஞ்சினையும் பாடியையும் ஒரு செம்புப் பின்னல் பட்டை இணைக்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்ற 100 ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். அவ்வளவும் இந்தப் பட்டை வழியாகத்தான் போய்வரணும். பட்டை பச்சை பூத்து, போல்ட் துருப்பிடித்தால் செல்ஃப் திணறும்.

கரண்ட் சும்மா இருக்குமா? குறுக்கு வழி தேடும். பழைய பெட்ரோல் வண்டியில் சோக் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறதா? புகை வருகிறதா? வண்டியைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் பக்கம் நெருப்போடு விளையாடக் கூடாது!

கையும் களவுமாக...

ஜம்பர் ஒயர் ஒன்று போதும். பேட்டரியில் பாடியோடு சேரும் முனையில் ஒரு நுனியை மாட்டுங்கள். மறு நுனியை, பேட்டரிக்குத் தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இப்போது செல்ஃப் 'விர்'ரென்று சுற்றினால் ஆள் மாட்டிக்கொண்டான்! புதுப் பட்டை போட்டால் போதும். புதுப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள்.

சுற்றவில்லையா? அப்போது பேட்டரியைப் பாருங்கள். நிறைய சார்ஜ் இருந்தால், வண்டி நிற்கும்போது மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி சொத்தை, இல்லை செல்ஃப் மோட்டார் கரண்டை விழுங்குகிறது. டெர்மினலில் வெள்ளைப் பொடி இருந்தால் முதலில் அதைச் சுரண்டிவிட்டு அளக்கணும்.

காலையில் நன்றாகச் சுற்றி, வெயிலில் ஓடி நின்ற பிறகு மட்டும் மக்கர் பண்ணுகிற வண்டியும் உண்டு. அதற்கு செல்ஃப் புஷ் தேய்மானம், டைமிங் கோளாறு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டைவிரலையும் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் முறியும்.