முள், வெயில், சுமை: லோடு வண்டிக்கு டயர் வாங்குவது எப்படி?

மழை பெய்தால் பருத்தியும் கொத்தமல்லியும் கம்பும் குதிரைவாலியும் விளையும். மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்துப் பிழைக்க வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வாழ்க்கை இதுதான். 1879ஆம் ஆண்டு ரமண மகரிஷி அவதரித்த ஊர் திருச்சுழி. ஆனால் அவ்வூரைத் தொட்டுச் செல்லும் குண்டாற்றில், வருஷத்தில் பெரும் பகுதி மணல்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட வானம் பார்த்த பூமியில், விளைந்ததையும் வெட்டியதையும் சந்தை சேர்ப்பது எது? முன்பு மாட்டு வண்டி; இப்போது லோடு வண்டி. 2005ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்ற செல்லப் பெயரும் வாங்கியது முதல், மாட்டு வண்டி நின்ற இடங்களில் எல்லாம் நான்கு சக்கர லோடு வண்டிகள் நிற்கின்றன. அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் பெருகிவிட்டன.

இவ்வண்டிகளின் சொந்தக்காரர்களில் பலர் தாமே டிரைவராகவும் இருப்பவர்கள். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டியவர்கள். டயர் தேய்ந்துவிட்டால், ஒரே நாளில் பல ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கடைக்குப் போனதும், "எது மலிவு?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்கத் தவறினால் இழப்பது பணம் மட்டும் அல்ல.

டயர் ஏன் வெடிக்கிறது?

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டிக் காக்கும் பை. காற்று குறைந்தாலோ, பாரம் மிகுந்தாலோ, டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடேறுவது போல அதுவும் சூடேறும். சூடு மிகுந்தால் ரப்பர் அடுக்குகள் பிடிப்பை இழந்து பிரிந்துவிடும்.

சித்திரை வெயிலில் நான்கு வழிச் சாலையின் தார் கொதிக்கும். அதன் மேல் அதிகப் பாரத்துடன், குறைந்த காற்றுடன், வேகமாக ஓடும் வண்டியின் கதி என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேல் பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டதே காரணம். அமெரிக்க அரசின் கணக்கில் 271 பேர் மாண்டனர். டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெப்பம் மிகுந்த மாகாணங்களில்தான் இவ்விபத்துக்கள் அதிகம். தயாரிப்பில் குறை என்று ஒரு தரப்பும், காற்றைக் குறைவாக வைக்கச் சொன்னதே தவறு என்று மற்றொரு தரப்பும் வாதாடின. வெயிலும் குறைந்த காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் அப்போது கண்டுகொண்டது.

டயர் சொல்லும் கணக்கு

ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் அதன் ஜாதகம் அச்சாகியிருக்கிறது. உதாரணமாக '195 ஆர் 15' என்று இருந்தால், டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், அது ரேடியல் வகை, 15 அங்குல டிஸ்க்கில் மாட்ட வேண்டியது என்று பொருள்.

அதற்குப் பக்கத்தில் '106/104' என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும. லோடு வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டிக்கு முதல் எண். இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு இரண்டாவது எண்.

இனிக் கணக்குப் போடுவது சுலபம். பின் அச்சில் விழும் பாரம் 2,000 கிலோ என்றால், ஒற்றைச் சக்கரம் ஒவ்வொன்றும் 1,000 கிலோ சுமக்க வேண்டும். 1,000 கிலோவுக்குரிய எண் 108. அங்கே 106 எண் டயரை மாட்டினால், முதல் நாளிலிருந்தே அது தன் சக்திக்கு மீறிச் சுமக்கிறது என்று அர்த்தம். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று கார் டயரை லோடு வண்டிக்கு மாட்டுவதும் இதே தவறுதான்.

பாரம் எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். 'எல்' என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், 'என்' என்றால் 140, 'க்யூ' என்றால் 160 கிலோமீட்டர் வரை.

அரை யூனிட் ஜல்லி

சுமையைக் கண்ணால் அளக்கக் கூடாது. கரி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினால் பார்க்கப் பயமாக இருக்கும். எடை அவ்வளவு இராது. ஜல்லியோ எம்-சாண்டோ தொட்டியில் பாதி கூட நிரம்பியிருக்காது; எடையோ வண்டியை அழுத்திவிடும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு யூனிட் ஜல்லி 4 டன்னுக்குக் குறையாது. அப்படியானால் அரை யூனிட் 2 டன். சிறிய லோடு வண்டிகளின் அனுமதிச் சுமை இதில் பாதியைக் கூட எட்டாது.

கரி மூட்டையில் வேறு அபாயம் இருக்கிறது. உயரம் மிகுந்து, வளைவில் வண்டி சாயும்போது, பாரம் முழுவதும் ஒரு பக்கத்து டயர்களின் மேல் விழும்.

அதிகச் சுமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 20,000 ரூபாய் அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதித்தது. நான்கு நடை மிச்சப்படுத்தி, ஒரு நாளில் அதைக் கட்டுவதில் என்ன லாபம்?

நைலானா, ரேடியலா?

டயர் கடையில் கேட்கப்படும் அடுத்த கேள்வி இது. நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் பின்னியிருக்கும். பக்கச் சுவர் தடிப்பு; கல் குத்தினாலும் எளிதில் கிழியாது. விலையும் குறைவு. ஆனால் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் சூடு அதிகம்.

பிரான்ஸ் நாட்டு மிச்செலின் கம்பெனி 1946இல் கண்ட ரேடியல் டயரில் நூல்கள் ஓரத்துக்கு ஓரம் நேராக ஓடும். மேலே எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் மிச்சம். ஆனால் பக்கச் சுவர் மெல்லியது. கூரிய கல் பக்கவாட்டில் கீறிவிட்டால் டயர் வீண்.

ஆகவே பாதையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் தினமும் போய் வருகிறவருக்கு ரேடியலே ஏற்றது. பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பாதையிலும், கிராவல் குவாரியிலும் மெதுவாக உழல்கிற வண்டிக்கு நைலான் இன்னும் உதவும். இரண்டும் கலந்த ஓட்டமா? தடித்த பக்கச் சுவருள்ள லோடு ரேடியலைக் கேட்டு வாங்குவது நல்லது. எதுவானாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறு பக்கம் ரேடியலும் மாட்டவே கூடாது.

பட்டன் விஷயத்திலும் இதே நியாயம். தார் சாலைக்கு நேர்க்கோடு போன்ற பட்டன் போதும். மழையில் கரிசல் மண் களியாக ஒட்டும். அங்கே போகிற வண்டியின் பின் சக்கரத்துக்கு இடைவெளி விட்ட கட்டைப் பட்டன் வேண்டும்.

முள்ளின் தொல்லை

இந்தப் பக்கத்தில் ஆணியைவிட அதிகமாக டயரைத் துளைப்பது கருவேல முள். குத்திய முள் உள்ளே முறிந்து தங்கிவிடும். டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால், அதே முள் மறு நாளும் குத்தும். அனுபவசாலியான பஞ்சர் கடைக்காரர் டயரின் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்த்து, முள்ளை எடுத்த பிறகே டியூபை வைப்பார்.

டியூப் இல்லாத டயரில் முள் குத்தினால் காற்று மெல்ல இறங்கும். வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். ஆனால் அதற்குரிய டிஸ்க் வேண்டும். டிஸ்க்கின் விளிம்பு கல்லில் மோதி நெளிந்திருந்தால் காற்று நிற்காது. தவிர, மெல்ல இறங்கும் காற்றைக் கவனியாமல் ஓட்டினால், மேலே சொன்ன சூட்டு அபாயம் வந்து சேரும்.

பழைய டயருக்குப் புதுப் பட்டை

ரீட்ரெட் செய்வது தமிழ் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் மலேயாவை ஜப்பான் பிடித்ததும் ரப்பருக்குப் பஞ்சம் வந்தது. பெட்ரோலும் கிடைக்காமல் பஸ்கள் கரி வாயுவில் ஓடிய காலம் அது. மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் வாயுக் கருவியும் தயாரித்தார். டயர் ரீட்ரெட் தொழிற்சாலையும் தொடங்கினார். சென்னை திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1952இல் ரீட்ரெட் ரப்பரில் இறங்கினார். 1961இல் டயரே செய்தார். அதுதான் எம்.ஆர்.எப்.

நல்ல ரீட்ரெட் சிக்கனம்தான். ஆனால் அடிக்கூடு வலுவாக இருக்க வேண்டும். வீக்கம், பக்கக் கீறல், கம்பி தெரிதல் ஆகியவை இருந்தால் பணம் செலவழிப்பது வீண். ரீட்ரெட் டயரைப் பின் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை மீறிவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2325' என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் கிடந்த பழைய சரக்கைப் புதிது என்று வாங்கிவிடக் கூடாது. ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமை அடையும். ஐந்து வருஷம் ஆனால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ரசீது கேட்டு வாங்கினால் இந்தக் குறைவு வந்ததா என்பதும் தெரியும். பின்னால் டயரில் கோளாறு வந்தால் கேட்கவும் வழி உண்டு.

பழைய டயரைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் ஒரு முறை உற்றுப் பார்க்க வேண்டும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் சரியில்லை. அக்குறையைத் தீர்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடத் தகுதியற்றது.

காலைக் காற்று

எவ்வளவு நல்ல டயரும் காற்றை நம்பியே இருக்கிறது. காருக்கு 32, 33 பவுண்டு போதும். எட்டு பிளை லோடு டயர்களில் பல 65 பவுண்டு வரை கேட்கும். வண்டியில் ஒட்டியுள்ள தகடு சொல்லும் அளவே சரியானது. வண்டி ஓடத் தொடங்குமுன், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நண்பகலில் சூட்டினால் அளவு ஏறிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. களையெடுப்புக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஆண்களையும் பெண்களையும் லோடு வண்டியில் ஏற்றிச் செல்வது கிராமங்களில் இன்னும் நின்றபாடில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. டயர் வெடித்தால் மூட்டை சிதறும். மூட்டையை மீண்டும் கட்டலாம். மனிதர்கள் சிதறினால் என்ன செய்வது?

டயருக்குப் பணம் எடுத்து வைக்கும்போது, மலிவையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால், சுமை எண்ணையும் தேதியையும் பார்க்கட்டும். இரண்டையும் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது.