களைநெல்லின் பல உருவங்கள்

நெற்சப்பியைப் பழகிய கமக்காரர் இளம் பருவத்திலேயே இனங்கண்டு பிடுங்கிவிடுவர். இலை தண்டோடு சேருமிடத்தில் நெல்லுக்குள்ள மெல்லிய சிறுநா நெற்சப்பிக்கு இல்லை. களைநெல்லுக்கோ அதுவும் உண்டு. ஏனெனில், களைநெல் வேறொரு புல்லன்று. பயிர்நெல்லின் நெருங்கிய உறவாகும். ஆதலால், சாதாரண நெல்லினங்களை விதைத்த வயலில், பயிரைத் தீண்டாது களைநெல்லை மாத்திரம் அழிக்கும் களைகொல்லியை எதிர்பார்த்தல் வீணாகும்.

தோன்றிய வகை

இலங்கையில் 1990 ஆம் ஆண்டுகளில் அம்பாறை முதலிய மாவட்டங்களில் இக்களை பெருந் தொல்லையாக அறியப்பட்டது. நாற்று நடுகை குறைந்து வீசி விதைத்தல் பெருகியமை அதற்கு வாய்ப்பளித்தது. குளக்கரைகளிலும் வாய்க்கால்களிலும் வளரும் ஒரைசா நிவாரா, ஒரைசா ரூபிபோகன் என்னுங் காட்டுநெற்கள் பயிர்நெல்லுடன் கலக்க வல்லன. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். அயற்கலப்பு மிகச் சிறிதே. எனினும், கலந்த ஒரு மணியின் சந்ததிகள் அடுத்தடுத்த தலைமுறைகளிற் பலவாறாகப் பிரியும்.

ஒரே வயலிற் பல சாயல்கள்

ஆகவே, களைநெல்லுக்கு ஒரே அடையாளம் இல்லை. சில பயிரினும் உயர்ந்து சாயும். சில பயிரின் உயரத்திலேயே நிற்கும். சிலவற்றின் மணியில் நீண்ட கூர் உண்டு, சிலவற்றில் இல்லை. உமி கறுப்பாகவும் இருக்கும். வைக்கோல் நிறமாகவும் இருக்கும். அரிசி பெரும்பாலும் சிவப்பாயினும், சிவப்பரிசி இனம் விதைத்த வயலில் அவ்வடையாளம் பயன்படாது. உயர்ந்தவற்றையும் கூருள்ளவற்றையும் மாத்திரம் பிடுங்கும் கமக்காரர், பயிரைப் போன்றவற்றை விட்டுவைக்கின்றார். அவையே அடுத்த போகத்திற் பெருகும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பொதுவான குணம் மணி உதிர்தலாகும். அறுவடைக்கு முன்னரே மணிகள் நிலத்தில் விழுந்து, அவற்றுட் சில உறங்குநிலையிற் கிடந்து, பிந்திய போகங்களில் முளைக்கும்.

செய்ய வேண்டியவை

1. உறுதிப்படுத்தப்பட்ட விதைநெல்லையே விதைத்தல் வேண்டும். வெள்ளையரிசி இனமாயின், ஒரு பிடி விதையை உமி நீக்கிச் சிவப்பு மணி உண்டோவெனப் பார்த்தல் நன்று.

2. முதலுழவின் பின் நிலத்தை ஈரமாக வைத்து, ஏறக்குறைய இரண்டு கிழமை சென்று, முளைத்தவற்றை மறு உழவால் அழித்தல் வேண்டும்.

3. களைநெல் மிகுந்த வயலில் வரிசையாக நாற்று நட்டு நீர் தேக்குதல் சிறந்தது. தேங்கிய நீர் புதிய முளைப்பைத் தடுக்கும். வரிசைக்குப் புறம்பான நாற்றும் எளிதிற் புலப்படும்.

4. கதிர் வெளிவருங் காலத்தில், மணி முற்றி உதிருமுன், வேறுபட்ட செடிகளை வேருடன் பிடுங்கி வயலுக்கு வெளியே அழித்தல் வேண்டும்.

5. அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்குமுன், அதில் ஒட்டிய நெல்லை அகற்றல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று மாத்திரம் போதாது. உருவம் பலவான களைக்கு உபாயமும் பலவாக வேண்டும். இன்று ஒரு கதிரை உதிரவிடுதல், வரும்போகத்துக்கான களையை வயலில் விதைத்தலுக்கு ஒப்பாகும்.