அலுமாரியைத் திருப்புங்கள், ஆண்டு தெரியும்!

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு பழைய வீட்டுக்குள் போனால் எல்லாருடைய கண்ணும் அலுமாரியின் முகப்பில்தான் விழும். செதுக்கிய கொடி, நிலைக்கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி! ஆனால் பழைய தளபாடத்தின் வயதைத் தேடி அலைகிற நாங்கள் முகப்பைக் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் ஓடுவது பின்பக்கத்துக்கு. சுவரோடு ஒட்டி, ஒட்டறை படிந்து, யாரும் பொலிஷ் பூசாமல் விட்ட முதுகுப் பலகையில்தான் விஷயமே இருக்கிறது. வாருங்கள், உங்களையும் பின்னால் கூட்டிப்போகிறேன்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு முழம் முன்னே இழுத்தாயிற்றா? டோர்ச்சை நேரே அடிக்காதீர்கள், பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். ஆகா, வாளின் தடங்கள்! நேர்கோடுகளாக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் ஓடினால் அது ஆட்கள் கையால் இழுத்து அரிந்த பலகை. வில்லாக வளைந்த கோடுகள் என்றால் இயந்திர வட்டவாள். அப்படிப்பட்ட பலகை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருப்பது அரிது. அங்கேயே பென்சிலால் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், ஒரு வரியும் ஹிஜ்ரி ஆண்டும் கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது! ஹிஜ்ரி 1320 என்றிருந்தால் 1902, 1903 என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது லாச்சி. அதை முழுதாக உருவிக் கவிழ்த்துப் பார்ப்பதில் உள்ள இன்பமே தனி. முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் பல் பல்லாகக் கோர்த்திருக்கும். பற்கள் கொஞ்சம் பெரிதும் சிறிதுமாக இருந்து, பக்கத்திலேயே ஓடாவியார் அளவுக்குக் கீறிய கோடும் தெரிந்தால் கைவேலை. எல்லாப் பல்லும் அச்சடித்தாற்போல் ஒரே அளவென்றால் இயந்திர வேலையாக இருக்கலாம். பக்கப்பலகையின் கீழ் ஓரத்தைத் தடவுங்கள். பல்லாண்டு இழுத்து மூடிய லாச்சியானால் அது தேய்ந்து குழிந்திருக்கும். உள்ளே பழைய பத்திரிகைத் தாள் ஒட்டியிருக்கிறதா? துள்ளத் தோன்றும், ஆனால் நிதானம். வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். தாளில் உள்ள திகதிக்குப் பிறகு யாரோ அதை ஒட்டினார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அலுமாரி அதைவிடப் பல பத்தாண்டு மூத்ததாக இருக்கலாம்!

ஒரே ஒரு ஸ்குரூ ஆணியைக் கழற்ற வீட்டுக்காரர் அனுமதித்தால் பெரும் அதிர்ஷ்டம். முனை மழுங்கி, தலையின் வெட்டு நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பழையது. கூர்முனை ஸ்குரூ பரவியது 1850களுக்குப் பிறகு. தலையில் சிலுவை வெட்டு இருந்தால் 1930களுக்கு முன்னே போகவே முடியாது. பூட்டில் கிரீடமும் ‘விஆர்’ என்ற எழுத்தும் இருந்தால் விக்டோரியா மகாராணியின் காலம், 1837 முதல் 1901 வரை. வைர வடிவ முத்திரை இருந்தால் இன்னும் குறுக்கிவிடலாம்: பிரித்தானியாவில் பதிவான வடிவங்களுக்கு அந்த முத்திரை இட்டது 1842 முதல் 1883 வரைதான். ஆனால் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் கரையல்லவா இது? பிணைச்சலும் பூட்டும் மாற்றியிருப்பார்கள். அதனால் ஒரு ஆணியை நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. மரம், ஆணி, பூட்டு, தேய்மானம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

மரமும் பேசும். பொன்னிறத்தில் அலையலையாக மினுங்கும் முதிரை நமது உலர்வலயக் காட்டுப் பிள்ளை. பலாப்பலகை மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் போகப் போகச் செம்பழுப்பாகக் கறுக்கும். பெரிய இலை மகோகனி இலங்கையில் அறிமுகமானது 1897இல். இங்கே வளர்ந்த அந்த மரத்தில் செய்த கட்டிலை ‘ஒல்லாந்தர் காலத்துச் சாமான்’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வரலாம். வட்டமேசை இருந்தால் அளவுநாடாவை இரு திசையிலும் பிடியுங்கள். மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. பழைய வட்டமேசை வட்டமாகவே இருக்காது!

சரி, செய்தவர் யார்? பாரிஸ் தச்சர் சங்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே விதி போட்டுத் தச்சர்களைத் தங்கள் பெயரைக் குத்த வைத்தது. இங்கே அப்படிப்பட்ட முத்திரை அபூர்வம். கொழும்புப் புறக்கோட்டையில் தளபாட வியாபாரம் நடத்திய, அநகாரிக தர்மபாலவின் தந்தை டொன் கரோலிஸின் கடை போல ஒரு பெயர்ச்சீட்டு பின்னால் ஒட்டியிருந்தால் அது தங்கப்புதையல். பெயர் இல்லாதபோது பெரிய மனிதர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கித் தன் மாளிகையில் வைத்தார். டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்று முழுதாக நம்பினார். அவை சோழமண்டலக் கரைப் பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. நம் கடலுக்கு அக்கரைத் தச்சர் கை!

அந்தத் தவறுக்கு இடம் கொடாத ஒரு வசதி நம் ஊர்களில் உண்டு, எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்ததும் அதுதான். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழி. வீடு மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆண்கள் வீடு மாறுகிறார்கள், அலுமாரி மாறுவதில்லை! ஆகவே கேட்க வேண்டியது வாப்பாவிடமல்ல, வீட்டுப் பெண்களிடம். “இது எந்தக் காலத்துச் சாமான்?” என்று கேட்டால் “பழசுதான் மகன்” என்று முடித்துவிடுவார்கள். “யார்ர கலியாணத்துக்குச் செஞ்சது ராத்தா?” என்று கேட்டுப் பாருங்கள். “எங்கட உம்மம்மாட கலியாணத்துக்கு” என்று தொடங்கி, ஓடாவியார் எந்த ஊர், மரம் எந்தக் காட்டிலிருந்து வண்டியில் வந்தது என்று ஒவ்வொன்றாக வரும். ஆண்டு தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல், பெருவெள்ளம் 1957 டிசம்பர், சூறாவளி 1978 நவம்பர். அதற்கு முன்னா, பின்னா? பிறகு கலியாணப் பதிவையும் சீதன உறுதியையும் எடுத்துப் பாருங்கள். உம்மம்மா கதையும் உறுதியின் திகதியும் ஸ்குரூ ஆணியும் ஒன்றாகப் பொருந்துகிற நிமிடம் இருக்கிறதே, அதற்காக இன்னும் நூறு லாச்சிகளைக் கவிழ்க்கலாம்!

2004 சுனாமி கரையோர வீடுகளை வாரியபோது தளபாடங்களும் உறுதிகளும் சேர்ந்தே போயின. மிஞ்சியதைக் காக்கப் பெரிய செலவொன்றும் இல்லை. சீவுளி போடுவதற்கு முன், புதுப் பொலிஷ் பூசுவதற்கு முன், விற்பதற்கு முன் பின்பக்கத்தையும் லாச்சியின் அடியையும் படம் எடுங்கள். மூத்த பெண்கள் சொல்வதைக் கைபேசியில் பதியுங்கள். மணப்பெண்ணின் பெயர், ஓடாவியாரின் பெயர், மரம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி அந்த முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். உங்கள் பேத்தியின் பேத்திக்கு அந்த ஓடாவியாரின் பெயர் தெரிய அது போதும்.