குருவாவதற்கு எத்தனை ஆண்டுப் படிப்பு?

பத்தாம் வகுப்பு மாணவி

மருத்துவராக வேண்டுமானால் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களைக் கண்டால் உறவினர் யாவரும் இப்படிப்பட்ட கணக்குகளையே சொல்லுகிறார்கள். ஆனால் ஞாயிறுதோறும் பீடத்தில் நிற்கும் நம் பங்குத்தந்தை எத்தனை ஆண்டுகள் படித்தவர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? "சாமியாராகப் போகிறவனுக்குச் செபம் தெரிந்தால் போதாதா?" என்று எண்ணுவோரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மருத்துவப் படிப்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வருகிறது!

தொடக்கத்தில் இப்படியில்லை. சிலர் பல்கலைக்கழகங்களில் கற்றார்கள். வேறு பலர் ஊர்க் குருவோடு கூட இருந்தே பூசைச் சடங்குகளைப் பழகிக் கொண்டார்கள். தாம் வாசிக்கும் இலத்தீனுக்குப் பொருள் அறியாத குருக்களும் இருந்தார்கள். இந்தக் குறையைப் போக்கவே, 1563-ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் ஒரு குருமடம் வேண்டும் என்று கட்டளையிட்டது. குருமடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்பது பொருள். வயல்காட்டு ஊர்களிலிருந்து வரும் தோழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1893-இல் இலங்கையின் கண்டி நகரில் ஒரு குருமடம் நிறுவினார். படிப்பதற்காகக் கடல் கடந்து சென்றார்கள் அக்காலத்து மாணவர்கள். அந்தக் குருமடம் 1955-இல் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. தமிழகத்தில் பூவிருந்தவல்லியிலும் திருச்சிராப்பள்ளியிலும் பெரிய குருமடங்கள் உள்ளன.

இனிப் படிப்புக்கு வருவோம். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின்படி மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் கற்க வேண்டும். அதில் மெய்யியல் இரண்டு ஆண்டு, இறையியல் நான்கு ஆண்டு. இது குறைந்த அளவுதான். மெய்யியலில் பட்டம் பெற விரும்பினால் அதற்கு மட்டும் மூன்று ஆண்டுகள். இவற்றுக்கு முன்னர் ஓராண்டுக்குக் குறையாத ஆயத்தக் காலம் ஒன்றும் உண்டு. பல மறைமாவட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைக் கல்லூரிக்கு அனுப்பி, ஒரு பட்டமும் பெறச் செய்கிறார்கள். நடுவில் ஓராண்டு பங்கிலோ பள்ளியிலோ பணிப் பயிற்சி பெறுவதும் வழக்கம். கூட்டிப் பாருங்கள், பதினோரு ஆண்டுகள் ஆகிவிடும்!

என் பெரியப்பா மகன் இப்போது இறையியல் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் பாட்டி, "ஏன் ராசா, உன்னோடு படித்தவனுக்கெல்லாம் பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. உனக்கு இன்னுமா படிப்பு முடியலை?" என்று கேட்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "இன்னும் நாற்றங்காலில்தான் இருக்கிறேன், பாட்டி" என்பார்.

மெய்யியல் எதற்கு என்று நானும் அவரைக் கேட்டேன். கடவுள் இருக்கிறாரா, தீமை ஏன் உண்டாயிற்று, மனிதனுக்கு உண்மையிலேயே சுதந்திரம் உண்டா என்று பங்கில் யாராவது கேட்டால், "அது நம்பிக்கை, அப்படியே ஏற்றுக்கொள்" என்று சொல்லித் தப்பிக்க முடியாதல்லவா என்றார். அரிஸ்டாட்டிலோடு சங்கரரையும் இராமானுஜரையும் அவர்கள் கற்கிறார்கள். இது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு இறையியலில் விவிலியம், திருச்சபை வரலாறு, அறநெறி, வழிபாடு, திருச்சபைச் சட்டம் எல்லாம் வருகின்றன. விவிலியத்தை நன்கு அறிய எபிரேயமும் கிரேக்கமும் எட்டிப் பார்க்கும். ஆங்கில இலக்கணத்துக்கே அழும் நமக்கு அது பெரும் தண்டனையாகத் தோன்றலாம்.

எல்லாத் தேர்விலும் முதல் மதிப்பெண் பெற்றாலும் குருப்பட்டம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு மற்றப் படிப்புகளினின்று வேறுபடுவது இங்கேதான். மனிதப் பண்பு, ஆன்மீகம், அறிவு, மேய்ப்புப் பணி ஆகிய நான்கிலும் ஒருவன் வளர்ந்திருக்கிறானா என்று பார்க்கிறார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுகிறான், கோபம் வந்தால் என்ன செய்கிறான் என்பதும் கணக்கில் சேரும். முதலில் திருத்தொண்டர் பட்டம். பிறகு குறைந்தது ஆறு மாத இடைவெளி. இருபத்தைந்து வயது நிறைந்த பிறகே குருப்பட்டம். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரமும் தகுதி தெரிந்த பின்னரே தரப்படுகிறது. அதற்கெனத் தனித் தேர்வு வைப்பதுண்டு. நம் மனச்சுமையை இறக்கி வைக்கும் இடமல்லவா? தேர்வு இருப்பதே நல்லது என்பேன்.

"பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித மரிய வியான்னி இலத்தீனில் தடுமாறியவர்தானே?" என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். குருமடத் தேர்வில் தவறிய அவர், 29-ஆம் வயதில், 1815-இல் குருவானார். ஆனால் அவர் படிப்பை வெறுத்து விட்டுவிடவில்லை. வராத இலத்தீனோடு பல ஆண்டுகள் போராடினார். அவரைச் சாக்காகக் காட்டிப் புத்தகத்தை மூடி வைப்பது சரியாகாது.

தோழியரே, "இதெல்லாம் ஆண்களுக்குத்தானே, நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? குருப்பட்டம் ஆண்களுக்கு மட்டுமே. இறையியல் படிப்பு அப்படியன்று. ஒரு காலத்தில் அதுவும் நமக்கு மூடிய கதவாகவே இருந்தது. அமெரிக்காவில் இறையியலில் மேற்படிப்புப் படிக்க விரும்பிய பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் முன்வரவில்லை. அப்போது மதலேவா என்னும் கன்னியர், தாம் தலைவியாயிருந்த செயின்ட் மேரீஸ் பெண்கள் கல்லூரியிலேயே 1943-இல் அதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். யாரும் திறக்காத கதவைத் தட்டிக்கொண்டே நிற்காமல், புதிதாக ஒரு வாசல் வைத்துக்கொண்டார்! 1970-இல் அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவிக்கப்பட்டனர். பெண்களுக்கு அந்தப் பெயர் கிடைத்தது அதுவே முதல் முறை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம், திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் பயின்று பட்டம் பெறப் பொதுநிலையினருக்கும் உரிமை உண்டு என்று தெளிவாகக் கூறுகிறது. பொதுநிலையினர் என்றால் நம் அம்மாக்களும் நாமும் அதில் அடக்கம்.

இளநிலை இறையியல் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் படித்தால் முதுநிலைப் பட்டம். குருமடத்தில் மெய்யியலோ இறையியலோ கற்பிக்க இந்த முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ வேண்டும். அண்ணனுக்கு இந்த ஆண்டு தூய பவுலின் திருமுகங்களைக் கற்பிக்கும் பேராசிரியர் ஒரு கன்னியர்.